ஃபைவ் ஸ்டார் பையன்கள் வந்தால் கோப்பை வருமா? கல்லூரி ஃபுட்பால் ஆள் சேர்ப்புத் தரவரிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் குடியேறி வருஷக்கணக்காகிறது. செப்டம்பர் வந்தால் சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் நாலைந்து குடும்பம் கூடும். டிவியில் கல்லூரி ஃபுட்பால், அடுப்பில் பஜ்ஜி. புதிதாக ஊருக்கு வந்தவர்கள் மேட்ச் விதிகளை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். டிசம்பரில் "ரெக்ரூட்டிங் ரேங்க்" என்ற பேச்சு ஆரம்பித்ததும்தான் குழப்பம். வருஷா வருஷம் அதே கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலை ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கீழே ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால்தான்.

இது ஐபிஎல் ஏலம் மாதிரியா, என்எஃப்எல் டிராஃப்ட் மாதிரியா? யார் யாரை எடுக்கிறார்கள்?

இரண்டும் இல்லை. இங்கே பையன்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான். பதினேழு வயதுப் பிள்ளை. அவன் வீட்டு சோபாவில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கோச் வந்து உட்கார்ந்து, அம்மா போட்ட சாப்பாட்டைப் புகழ்ந்து, "உங்கள் மகனை என் மகன் போலப் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் இன்னொரு கோச் வந்து அதே சோபாவில் உட்கார்ந்து அதையே சொல்வார். கடைசியில் டிசம்பர் முதல் வாரத்தில், பள்ளி ஜிம்மில் மேசைமேல் நாலு தொப்பியை வரிசையாக வைத்து, ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டுவான். பிப்ரவரியிலும் கையெழுத்து நாள் உண்டு. முன்பெல்லாம் அதுதான் பெரிய நாள். 2017-இல் டிசம்பர் கையெழுத்து வந்தபிறகு பிப்ரவரியில் மிச்சசொச்சம்தான்.

என்எஃப்எல் என்பது தொழில்முறை லீக். அங்கே கல்லூரியிலிருந்து ஆள் எடுக்கும் டிராஃப்டில், கடைசி இடம் வந்த அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும். இளைத்தவனைத் தூக்கிவிடும் ஏற்பாடு அது. கல்லூரியில் அப்படி எதுவும் கிடையாது. ஜெயித்த இடத்துக்கே நல்ல பையன்கள் போவார்கள், அவர்களால் அது மறுபடி ஜெயிக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தாமாகவே புரிந்துவிடும்.

ஸ்டார் யார் கொடுக்கிறார்கள்? கல்லூரியா, அரசாங்கமா?

தனியார் நிறுவனங்கள். பள்ளிப் பையனின் திறமைக்கு அவை போடும் மதிப்புதான் ஸ்டார், உச்சம் ஐந்து. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஆன்3, ஈஎஸ்பிஎன் ஆகியவைதான் பெரிய பெயர்கள். 2025-இல் ரைவல்ஸை ஆன்3 வாங்கிவிட்டது. இவர்கள் வைத்திருக்கும் ஆட்கள் பள்ளி மேட்ச் வீடியோ பார்ப்பார்கள், கோடைக்கால முகாம்களுக்குப் போவார்கள், உயரம், எடை, கை நீளம், ஓட்ட வேகம் எல்லாம் குறித்துக்கொள்வார்கள். பள்ளியில் பையன் 100 மீட்டர் ஓடுகிறானா, குண்டு எறிகிறானா என்பதுகூடக் கணக்கில் வரும். இந்த நிறுவனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போட்டு 247ஸ்போர்ட்ஸ் தரும் "காம்போசிட்" பட்டியலைத்தான் டிவியில் அதிகம் காட்டுவார்கள்.

247ஸ்போர்ட்ஸ் ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 32 பேருக்குத்தான் ஃபைவ் ஸ்டார் தரும். என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடம். "இவன் ஒருநாள் முதல் சுற்றில் போவான்" என்ற பந்தயம்தான் அந்த ஐந்தாவது நட்சத்திரம். ஃபோர் ஸ்டார் சில நூறு பேர். த்ரீ ஸ்டார் ஆயிரத்தைத் தாண்டும். இந்த எண்ணிக்கை வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

டீம் ரேங்க் எப்படிப் போடுகிறார்கள்? 30 பேரைச் சேர்த்தால் 15 பேரைச் சேர்த்தவனைத் தாண்டிவிடலாமா?

அவ்வளவு சுலபமில்லை. மொத்தமாகக் கூட்டிப் போடுவதில்லை. அந்த அணியின் மிகச்சிறந்த பையனுக்கு முழு மதிப்பு, அடுத்தவனுக்குக் கொஞ்சம் குறைவு, இப்படியே இறங்கிக்கொண்டு போகும். இருபதாவது ஆளுக்கு மேல் சேர்த்தால் பெரிதாக ஏறாது.

ஆனாலும் எண்ணிக்கை கொஞ்சம் உதவத்தான் செய்யும். அதனால் நான் பக்கத்திலேயே போட்டிருக்கும் சராசரி மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். 16 பேரை மட்டும் சேர்த்து 9-ஆம் இடத்தில் இருக்கும் அணி, 28 பேரைச் சேர்த்து 7-ஆம் இடத்தில் இருக்கும் அணியைவிடத் தரமான ஆட்களைப் பிடித்திருக்கலாம்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள். ரேங்கில் மேலே இருக்கிற டீம்தான் ஜெயிக்குமா?

கோப்பைப் பந்தயத்துக்குள் நுழைய ரேங்க் வேண்டும். நுழைந்தபிறகு அது அவ்வளவாகப் பேசாது.

பட் எலியட் என்ற எழுத்தாளர் "புளூ-சிப் ரேஷியோ" என்று ஒரு கணக்கை வருஷக்கணக்காகப் போட்டு வருகிறார். கடைசி நாலு வருஷத்தில் ஓர் அணி பள்ளியிலிருந்து நேராகச் சேர்த்தவர்களில் ஃபோர் ஸ்டார், ஃபைவ் ஸ்டார் எத்தனை சதவீதம்? பாதியைத் தாண்டினால் கோப்பை ஜெயிக்கத் தகுதியுள்ள அணி. அவ்வளவுதான் கணக்கு. பெரிய அணிகள் 130-க்கும் மேல் இருக்க, இந்தக் கோட்டைத் தாண்டுவது வருஷத்துக்கு இருபதுக்கும் குறைவு. இப்படி ஸ்டார் கணக்கு ஒழுங்காக வைக்கத் தொடங்கியதிலிருந்து 2024 சீசன் வரை கோப்பை வாங்கிய ஒவ்வோர் அணியும் அந்தப் பட்டியலுக்குள்தான் இருந்தது. 2016-இல் கிளெம்சன், 2023-இல் மிச்சிகன் இரண்டும் 50-ஐக் கொஞ்சமே தாண்டியவை. 2024-இல் ஜெயித்த ஓஹாயோ ஸ்டேட் 90 பக்கம்.

ஆக, 1-ஆம் ரேங்குக்கும் 8-ஆம் ரேங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். 8-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசம்தான் பெரியது. "இண்டியானா?" என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

அலபாமா, ஜார்ஜியா இவங்க மட்டும் ஏன் எப்பவும் மேலேயே இருக்காங்க?

எப்பவும் இருந்ததில்லை. 2007-இல் நிக் சேபன் அலபாமாவுக்குக் கோச்சாக வந்த முதல் வருஷம் 7 வெற்றி, 6 தோல்வி. லூசியானா-மன்ரோ என்ற சின்னக் கல்லூரியிடம், அதுவும் சொந்த மைதானத்திலேயே, 21-14 என்று தோற்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் சேபன் சேர்த்த 2008 வகுப்பில் (ஒரு வருஷத்தில் சேர்க்கும் பையன்கள் மொத்தமும் ஒரு வகுப்பு) ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்கிரம், டான்டா ஹைடவர், மார்செல் டேரியஸ், மார்க் பேரன் எல்லாரும் இருந்தார்கள். 2009-இல் 14-0, அதாவது 14 வெற்றி, தோல்வியே இல்லை, கோப்பை. இங்கிரமுக்கு, வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் விருது. அதன்பிறகு 2011 முதல் 2017 வரை ஏழு வருஷம் தொடர்ந்து காம்போசிட் பட்டியலில் முதலிடம். அலபாமாவில் அவருக்கு ஆறு கோப்பை.

சேபனிடம் வேலை பார்த்த கர்பி ஸ்மார்ட் 2015 டிசம்பரில் ஜார்ஜியாவுக்குப் போய் அதே வேலையை அங்கே செய்தார். அவருக்கு இன்னொரு வசதி, அட்லாண்டாவைச் சுற்றியிருக்கும் பள்ளிகளிலேயே நாட்டின் சிறந்த பையன்கள் குவிந்து கிடக்கிறார்கள். டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, கலிபோர்னியா மாநிலங்களில் இருக்கும் கல்லூரிக்கு வீட்டு வாசலிலேயே சந்தை. நெப்ராஸ்காவில் இருப்பவன் விமானம் ஏறிப் போக வேண்டும்.

களத்தில் 11 பேர்தானே? நல்ல குவார்ட்டர்பேக் ஒருத்தன் இருந்தால் போதாதா?

குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவன். அவன் ஒருவன் போதாது. கூடைப்பந்தில் ஐந்து பேர். அங்கே ஒரு மேதை அணியையே தூக்கிவிடுவான். இங்கே தாக்குதலுக்கு 11, தடுப்புக்கு 11, அவர்களுக்கு மாற்று ஆட்கள், உதைப்பதற்குத் தனி ஆள். 2024 வரை ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், 2025 முதல் 105 பேர் வரை அணியில் வைக்கலாம். 130 கிலோ எடையுள்ள டிஃபென்சிவ் லைன்மேன் (தடுப்பு முன்வரிசை ஆள்) ஒரு மணி நேரம் இன்னொரு 140 கிலோக்காரனோடு முட்டிக்கொண்டே இருக்க முடியாது, மூச்சு வாங்கும். அவனை உட்காரவைத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே தரத்தில் இன்னொருவனை இறக்க முடிகிற அணிதான் நாலாவது குவார்ட்டரில் நிமிர்ந்து நிற்கும்.

2022 சீசனின் இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன்) அணி டிசம்பர் 31-ஆம் தேதி மிச்சிகனை 51-45 என்று அடித்துவிட்டு வந்தது. அருமையான அணி, கெட்டிக்கார குவார்ட்டர்பேக் மேக்ஸ் டக்கன், ஹைஸ்மன் போட்டியில் இரண்டாமிடம். புளூ-சிப் கோட்டுக்கு மிகக் கீழே. ஒன்பது நாள் கழித்து ஜார்ஜியாவிடம் வந்தார்கள். பாதி மேட்சில் 38-7. எங்கள் வீட்டில் அப்போதே இரண்டு குடும்பம் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. நாலாவது குவார்ட்டர் ஆரம்பத்தில் ஸ்மார்ட் டைம்-அவுட் கேட்டார். எதற்கு? தன் குவார்ட்டர்பேக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும் என்று. இரண்டாம் வரிசைப் பையன்கள் இறங்கியபிறகும் ஸ்கோர் ஏறியது. முடிவு 65-7. டிசியுவின் முதல் 22 பேரில் ஜார்ஜியாவில் ஆடத் தகுதியுள்ளவர்கள் இருந்தார்கள். அடுத்த 22 பேரிடம்தான் வித்தியாசம்.

அன்றைக்குக் கைதட்டல் வாங்கினானே ஸ்டெட்சன் பென்னட், அவன் ஸ்காலர்ஷிப்பே இல்லாமல் வந்த வாக்-ஆன். ஜே.ஜே. வாட் டூ ஸ்டார். ஜோஷ் ஆலனை யாருமே கூப்பிடவில்லை. அப்போ ஸ்டார் எல்லாம் சும்மாதானே?

எனக்குப் பிடித்த கேள்வி. வருஷத்துக்கு மூன்று பேராவது கேட்பார்கள்.

நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. வாட், ஆலன் இருவரும் பிறகு என்எஃப்எல் நட்சத்திரங்கள். ஆலன் கலிபோர்னியாவில் ஒரு ஜூனியர் காலேஜில் (இரண்டு வருஷக் கல்லூரி) ஆடிவிட்டு வயோமிங் போனவர். வாட் சென்ட்ரல் மிச்சிகனில் சேர்ந்து, அதை விட்டுவிட்டு விஸ்கான்சினுக்கு வாக்-ஆனாகப் போனவர். என்எஃப்எல்லின் பெரிய குவார்ட்டர்பேக்குகளில் பேட்ரிக் மஹோம்ஸ் த்ரீ ஸ்டார், லமார் ஜாக்சன் த்ரீ ஸ்டார். என்எஃப்எல்லில் தலையை எண்ணினால் ஃபைவ் ஸ்டாரைவிட த்ரீ ஸ்டார்தான் அதிகம் இருப்பார்கள்.

ஆனால் எத்தனை பேரிலிருந்து என்று கேட்க வேண்டும். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஃபைவ் ஸ்டார் 32 பேரில் 16 பேர் தேறுகிறார்கள் என்று வையுங்கள். த்ரீ ஸ்டார் 1,600 பேரில் 80 பேர் தேறுகிறார்கள். டிவியில் பார்க்கிறவனுக்கு 80 த்ரீ ஸ்டார், 16 ஃபைவ் ஸ்டார் தெரியும். "பார்த்தாயா, ஐந்து மடங்கு!" என்பான். ஆனால் அங்கே இரண்டில் ஒருவன் தேறினான், இங்கே இருபதில் ஒருவன். கோச் ஆள் சேர்க்கும்போது 1,600 பேரையும் எடுக்க முடியாது, 25 பேர் அளவில்தான் எடுக்க முடியும். அந்த 25 பேர் யாராக இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். தேறாத 1,520 பேரின் கதையை யாரும் டிவியில் போடுவதில்லை.

சரி, டெக்சாஸ் ஏ அண்ட் எம்? சரித்திரத்திலேயே பெரிய ரேங்க் வாங்கிவிட்டு மண்ணைக் கவ்வினார்களே!

இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பேசினால் அடி விழும். பரவாயில்லை.

2022-இல் அவர்களின் கோச் ஜிம்போ ஃபிஷர் சேர்த்த வகுப்பு, காம்போசிட் பட்டியலில் அதுவரை யாரும் தொடாத மதிப்பெண். அந்த செப்டம்பரிலேயே சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 தோல்வி. சீசன் முடிவில் 5-7. மறுவருஷம் நவம்பரில், மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று அடித்த மறுநாளே ஃபிஷரை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை போன மனிதர்களில் அவ்வளவு பணத்தோடு போனவர் அதுவரை இந்த விளையாட்டில் யாருமில்லை.

இதிலிருந்து "ரேட்டிங் கொடுத்தவர்கள் முட்டாள்கள்" என்று முடிவு கட்டுவது அவசரம். அந்த வகுப்பிலிருந்த வால்டர் நோலன் ஓல் மிஸ்ஸுக்கு மாறிப்போனான், ஷெமார் ஸ்டூவர்ட் அங்கேயே இருந்தான். 2025 என்எஃப்எல் டிராஃப்டில் 16-ஆவதாக நோலன், 17-ஆவதாக ஸ்டூவர்ட், அடுத்தடுத்து. பையன்களைப் பற்றிய கணிப்பு மோசமில்லை. அந்த அணியில் தாக்குதல் ஆட்டம் ஓடவில்லை, குவார்ட்டர்பேக் நிலைக்கவில்லை, வந்தவர்களில் பலர் இரண்டு வருஷத்துக்குள் வேறு ஊர் பார்த்துக்கொண்டார்கள். சரக்கு நல்ல சரக்குதான், சமையல்தான் கெட்டது.

எங்க காலேஜ் இந்த வருஷம் 3-ஆம் ரேங்க். வர்ற சீசன்ல ஜெயிச்சிடுவோமா?

வர்ற சீசனில் அந்தப் பையன்களில் பலர் பெஞ்சில்தான் இருப்பார்கள். 18 வயது உடம்பு 22 வயது உடம்போடு மோத முடியாது. அலபாமாவின் 2008 வகுப்புகூட இரண்டாவது வருஷத்தில்தான் கோப்பை வாங்கியது என்று மேலே பார்த்தோம். ஒரு வகுப்பின் முழுப் பலன் இரண்டு, மூன்று வருஷம் கழித்துத் தெரியும். அதுவரை அவர்கள் அங்கேயே இருந்தால்.

கீழே இருக்கிற டீம் மேலே இருக்கிறதை அடிக்கவே முடியாது என்கிறீர்களா?

தாராளமாக அடிக்கலாம், வருஷா வருஷம் அடிக்கிறார்கள். 2007-இல் மிச்சிகனை அதன் மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்திய அப்பலாச்சியன் ஸ்டேட் ஒரு படி கீழான பிரிவில் ஆடிய அணி. 2024 அக்டோபரில் நம்பர் ஒன் அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று அடித்தது. அன்று வாண்டர்பில்ட்டின் குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா, ஜூனியர் காலேஜிலிருந்து நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக வந்தவர்.

ஒரு நாள் ஜெயிப்பது வேறு, ஒரு சீசன் ஜெயிப்பது வேறு. 2024 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாய் 16-14 என்று நோட்டர் டேமை அதன் மைதானத்தில் வீழ்த்தியது. நோட்டர் டேம் அதன்பிறகு தோற்காமல் இறுதிப் போட்டி வரை போனது. பலமான அணியை வெல்ல நாலில் ஒரு வாய்ப்பு உங்களுக்கு இருப்பதாக வைத்தாலும், அப்படிப்பட்ட மூன்று அணிகளை வரிசையாக வெல்வதற்கான வாய்ப்பு 64-இல் ஒன்று. 2024 முதல் 12 அணிகள் மோதும் பிளேஆஃப் வந்துவிட்டது. நடுவில் அதிர்ஷ்டத்தில் தப்பிக்க இன்னும் குறைந்த இடம்தான் இருக்கிறது.

அயோவா, விஸ்கான்சின் எல்லாம் த்ரீ ஸ்டார் பையன்களை வைத்தே காலம் தள்ளுகிறார்களே, எப்படி?

பொறுமையால். உயரமான, ஒல்லியான, பண்ணையில் வளர்ந்த பையன் ஒருவனைப் பிடித்து, ஒரு வருஷம் ஆடவிடாமல் சாப்பாடும் எடைப்பயிற்சியும் கொடுத்து, மூன்றாவது வருஷம் லைன்மேனாக இறக்குவார்கள். ஜார்ஜ் கிட்டில் லைன்மேன் இல்லை, பந்தும் பிடிக்கும் டைட் எண்ட், ஆனாலும் அதே பொறுமையால் அயோவாவில் தேறியவர். என்எஃப்எல்லில் ஐந்தாம் சுற்றில்தான் எடுத்தார்கள், பிறகு பெரிய நட்சத்திரமானார். வேறு வழியும் உண்டு. ராணுவக் கல்லூரியான ஆர்மி எல்லாரும் மறந்துவிட்ட ஆப்ஷன் ஓட்ட ஆட்டத்தை ஆடி, எதிரணிக்குத் தயாராக நேரமில்லாமல் செய்யும். 2024-இல் அவர்கள் 12-2, லீக் பட்டமும் வாங்கினார்கள்.

எங்கே முட்டும் என்றால் உச்சியில். 2015-இல் அயோவா 12-0 என்று போனது. பிக் டென் லீக் இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 16-13 என்று நூலிழையில் தோல்வி. அடுத்து ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டிடம் 45-16 என்று தோல்வி. ரேங்க் சொல்வதைவிட நாலு படி மேலே ஏறக்கூடிய கோச்சுகள் உண்டு. நாற்பது படி ஏறியவர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் கதை கீழே.

பெரிய காலேஜ் ஆஃபர் கொடுத்த உடனே பையனுக்கு ஸ்டார் ஏறுதே. இது ஏமாத்து வேலை இல்லையா?

ஏறுவது உண்மை. அலபாமாவும் ஜார்ஜியாவும் ஒருவனைத் துரத்தினால் ரேட்டிங் போடுபவர் மறுபடி வீடியோவைப் போட்டுப் பார்ப்பார். முழுநேர வேலையாக ஆள் பார்க்கும் கோச்சுகளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தன் கண்ணில் படவில்லையோ என்ற சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான், நானாக இருந்தாலும் பார்ப்பேன். விளைவு, ரேங்க் என்பது ஓரளவு "நல்ல கோச்சுகள் யாரை விரும்புகிறார்கள்" என்பதன் பிரதி. அதனால்தான் அது கொஞ்சம் சரியாகவும் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நிறுவனங்களுக்குச் சந்தா கட்டுபவர்கள் ரசிகர்கள். பெரிய ரசிகர் கூட்டம் உள்ள கல்லூரிக்குப் போகும் பையனுக்கு நட்சத்திரம் ஏறினால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. யாரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. த்ரீ ஸ்டாரின் உச்சிக்கும் ஃபோர் ஸ்டாரின் அடிக்கும் இடையில் கோடு மெலிசு, அதை ஒரு சிட்டிகை உப்போடு பாருங்கள் என்கிறேன்.

எந்த பொசிஷனில் ரேங்க் அதிகம் சொதப்பும்?

குவார்ட்டர்பேக்கில். கை பலத்தை அளக்கலாம். 130 கிலோக்காரன் பாய்ந்து வரும்போது இரண்டு நொடியில் நாலு பேரைப் பார்த்து முடிவெடுக்கும் தலையை முகாமில் எப்படி அளப்பது? குவின் யூவர்ஸ் காம்போசிட்டில் 1.0000 வாங்கியவர், அதாவது நூற்றுக்கு நூறு. ஓஹாயோ ஸ்டேட்டில் ஒரு சீசன் இருந்து இரண்டே பந்து வாங்கினார். டெக்சாஸுக்கு மாறி, இரண்டு வருஷம் பிளேஆஃப் அரையிறுதி வரை கொண்டுபோனார், அது நல்ல ஆட்டம்தான். என்எஃப்எல்லில் அவரை எடுத்தது ஏழாவது, அதாவது கடைசிச் சுற்றில்.

ஒஃபென்சிவ் லைனும் (தாக்குதல் முன்வரிசை) கஷ்டம். 17 வயதில் 110 கிலோ இருப்பவன் 140-க்கு ஏறியபிறகு கால் நகருமா என்று யாருக்குத் தெரியும்? டிஃபென்சிவ் லைனில்தான் கண்ணில் பட்டது பெரும்பாலும் நிஜம். ஜடேவியன் கிளவுனி, மைல்ஸ் காரெட், டிராவன் வாக்கர் மூவரும் ஃபைவ் ஸ்டார். 2014, 2017, 2022 டிராஃப்டில் முதல் ஆள் இவர்கள்தான்.

ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபிறகும் இந்த ரேங்குக்கு மதிப்பு இருக்கா?

குறைந்திருக்கிறது. போர்ட்டல் என்றால் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் பையன்கள் பெயர் பதியும் பட்டியல். தொடங்கியது 2018 அக்டோபரில். 2021 முதல் ஒருமுறை மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். டிசம்பரில் தொப்பி மாட்டிய பையன் மறுவருஷம் எதிரணியில் நிற்கலாம். ஆக, நாலு வருஷ வகுப்புகளைக் கூட்டிப் போடும் கணக்கில், அந்த நாலு வகுப்பும் இன்னும் ஊரில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காகவே இப்போது அணியில் இருக்கும் எல்லாரையும் சேர்த்து "டேலன்ட் காம்போசிட்" என்று ஒரு பட்டியல் 247ஸ்போர்ட்ஸ் தருகிறது. வகுப்பு ரேங்கைவிட எனக்கு அது உபயோகம்.

போர்ட்டல் மட்டுமே போதும் என்று நினைத்தாலும் ஆபத்து. ஃபுளோரிடா ஸ்டேட் 2023-இல் மாறிவந்தவர்களை நன்றாகப் பயன்படுத்தி 13-1. 2024-இல் மறுபடி கடைக்குப் போய் ஆட்களை வாங்கினார்கள், அதில் 2020-இன் ஃபைவ் ஸ்டார் குவார்ட்டர்பேக்கும் ஒருவர். 2-10.

இண்டியானா 2025 சீசன்ல கோப்பையே வாங்கிட்டாங்க. இப்ப உங்க புளூ-சிப் கணக்கை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

உடைந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை.

இண்டியானா என்றால் கூடைப்பந்து ஊர். ஃபுட்பாலில் தோல்வி எண்ணிக்கையில் பெரிய கல்லூரிகளிலேயே முன்னணியில் இருந்தவர்கள். 2023-இல் 3-9. ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய இடத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார், தன் பையன்கள் பலரைக் கூடவே கூட்டிவந்தார். 2024-இல் 11-2. 2025-இல் 16-0. ஓஹாயோ ஸ்டேட்டை 13-10, ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3, ஆரிகனை 56-22, இறுதியில் மயாமியை 27-21. நட்சத்திரக் கணக்கில் பாதிக்குப் பக்கத்தில்கூட இல்லாத அணி. குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத பையன், முதலில் யேலுக்குப் போவதாக இருந்தவர். கலிபோர்னியா பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு இண்டியானாவுக்கு மாறினார். ஹைஸ்மன் அவருக்குத்தான்.

நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். அந்த அணியில் இருந்தவர்கள் 22, 23 வயது ஆட்கள், கல்லூரி அளவில் ஏற்கெனவே ஆடிக் காட்டியவர்கள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நட்சத்திரம் 17 வயதில் ஒட்டியது. சிக்னெட்டி அந்தப் பழைய சீட்டைப் பார்க்காமல், ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுத்தார். முன்பெல்லாம் இப்படி ஓர் அணியையே வெளியிலிருந்து கூட்டிச் சேர்க்க விதி இடம் தராது. இது ஒரு வருஷத்து அதிசயமா, இனி இதுதான் வழியா என்பதற்கு இன்னும் சில சீசன் பார்க்க வேண்டும். என் பந்தயம்: கோட்டுக்குக் கீழிருந்து இன்னும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள், ஆனால் மேலே இருப்பவர்களே பெரும்பாலும் ஜெயிப்பார்கள்.

இப்ப காசு கொடுத்தே வாங்குறாங்களே. அப்ப பணக்காரன்தானே ஜெயிப்பான்?

2021 ஜூலை முதல் பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேராகக் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருஷத்துக்கு 2.05 கோடி டாலர் வரை. பணக்காரக் கல்லூரிக்கு வசதிதான், அது புதிதல்ல.

புதியது பெஞ்சில் நடப்பது. முன்பு ஜார்ஜியாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபோர் ஸ்டார் பையனுக்கு இப்போது வேறொரு கல்லூரி பணமும் ஆடும் இடமும் தருகிறது, போய்விடுகிறான். டிசியுவை நசுக்கியதே, அந்த "அடுத்த 22 பேர்" பலம், அதை இப்போது கட்டிக்காப்பது கஷ்டம்.

எங்க பையன் ஹைஸ்கூல்ல ஆடுறான். ஒரு ஸ்டார்கூட இல்லை. அவ்வளவுதானா?

பள்ளியில் ஆடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஸ்டார் கிடையாது, அதற்காகக் கல்லூரி ஆட்டம் மூடிப்போகவில்லை. டிவியில் வரும் 130 சொச்சம் கல்லூரிகளுக்குக் கீழே பல நூறு கல்லூரிகள் ஆடுகின்றன. டிவிஷன் 2-இல் பாதி, கால் என்று ஸ்காலர்ஷிப் பிரித்துத் தருவார்கள். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் இல்லை, படிப்புக்கு உதவித்தொகை உண்டு. படிப்பில் கெட்டி என்றால் அது சில சமயம் லாபம்.

முதலில் பள்ளி கோச்சிடம் உட்கார்ந்து, எந்த அளவுக் கல்லூரிக்கு இவன் பொருந்துவான் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல ஆட்டங்களைத் தொகுத்து மூன்று நிமிஷ வீடியோ செய்து அந்தக் கல்லூரி கோச்சுகளுக்கே அனுப்புங்கள். "ஸ்டார் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் முகாம்களை விட்டுவிடுங்கள். கல்லூரிகள் தங்கள் வளாகத்தில் நடத்தும் முகாமுக்குப் போவது மேல், ஆள் எடுக்கிற கோச்சே அங்கே நிற்பார்.

ஒரே அளவு ரேங்க் உள்ள ரெண்டு டீம் மோதினா எதைப் பார்த்துச் சொல்றது?

ரேங்கை மூடிவைத்துவிடுங்கள். இரண்டு அணியின் லைனிலும் எத்தனை பேர் மூன்றாம், நாலாம் வருஷக்காரர்கள் என்று எண்ணுங்கள். குவார்ட்டர்பேக் இதற்குமுன் பெரிய மேட்ச் ஆடியிருக்கிறானா, யாருக்குக் காயம் என்று பாருங்கள். அதற்குமேல் பந்து எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதுதான்.

ஓஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் இரண்டுமே கோட்டுக்கு மேலே உள்ளவை, ஆனால் ஆள் சேர்ப்பில் ஓஹாயோ ஸ்டேட்தான் கை ஓங்கியது. அப்படியிருந்தும் 2021, 2022, 2023, 2024 என்று நாலு மோதலிலும் மிச்சிகன் ஜெயித்தது. கடைசி அடி 2024 நவம்பரில், ஓஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில், 13-10. அதே ஓஹாயோ ஸ்டேட் ஏழு வாரம் கழித்து நோட்டர் டேமை 34-23 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. ஓஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் இருக்கும் என் நண்பரிடம் கோப்பையைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐந்து நிமிஷத்தில் அந்த 13-10-க்குத்தான் வந்து நிற்பார்.